தென்னாப்பிரிக்காவோட டிராகன்ஸ்பர்க் மலை மேல பால்வெளி படம் எடுக்கிறது எப்படி: டர்பன் பக்கம் இருந்து போறவங்களுக்கு முழு வழிகாட்டி

புதுசா வர்றவங்க முதல்ல கேக்குற கேள்வி எப்பவும் ஒண்ணுதான், "அண்ணா, ஐஎஸ்ஓ எவ்வளவு வைக்கணும்?" உண்மையில ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டணும்ங்கிற அளவு, கடைசியா பாக்க வேண்டியது. எந்த மாசம், எந்த திசை, ராத்திரி எத்தனை மணி, இந்த மூணும் சரியா அமையலேன்னா எவ்வளவு விலை உயர்ந்த கேமரா இருந்தாலும் மலை ஒரு பக்கமும் பால்வெளி வேற பக்கமும்தான் நிக்கும். அதனால கீழ இருக்கிற வரிசையை மாத்தாதீங்க. ஒவ்வொண்ணும் அதுக்கு முன்னாடி இருக்கிறதை நம்பித்தான் இருக்கு.

1. முதல்ல மாசத்தையும் திசையையும் முடிவு பண்ணுங்க

யூடியூப்ல வர்ற பாடம் பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பாவுல இருக்கிறவங்க போடறது. ஜூன், ஜூலைல தெற்கு பக்கம் பாருங்க, அடிவானத்துக்கு மேல பால்வெளி நடுப்பகுதி தெரியும்னு சொல்லுவாங்க, அது அவங்க ஊருக்கு சரி. நம்ம பெர்க், அதாவது டிராகன்ஸ்பர்க், இருக்கிறது தெற்கு அட்சரேகை 29 டிகிரி கிட்ட, பால்வெளி மையமும் வானத்துல கிட்டத்தட்ட அதே தெற்கு 29 டிகிரிலதான் இருக்கு. அதாவது அது நம்ம உச்சந்தலைக்கு நேர் மேல கடந்து போகும். ஜூன் நடுவுல நடுராத்திரி கழுத்தை முழுசா பின்னாடி சாய்ச்சு பாத்தா ரொம்ப அழகா இருக்கும், ஆனா அந்த நேரத்துல மலையையும் அதையும் ஒரே ஃபிரேம்ல கொண்டு வர முடியாது. ஜூன் லீவுல ஆசையா போய்ட்டு வெறும் வானத்தை மட்டும் எடுத்துட்டு வர்றவங்க நிறைய பேர், காரணம் இதுதான்.

நாம குவாசுலு நட்டால் (டர்பன் இருக்கிற மாகாணம்) பக்கம் இருந்து பாக்குறப்போ மலைச்சுவர் மேற்கு, தென்மேற்கு பக்கம் இருக்கு. பால்வெளி மையம் இறங்குறதும் தென்மேற்குல. அதனால நமக்கு வேண்டியது அது உச்சியை தாண்டி மலை பக்கமா சரியுற நேரம். அடிவானத்துல இருந்து 30 டிகிரி உயரத்துல இருக்கிறப்போ படம் நல்லா அமையுது, அதுக்கு கீழ போச்சுன்னா காத்துல இருக்கிற தூசியும் புகையும் மங்கடிச்சிடும்.

அந்த 30 டிகிரி எப்ப வரும்னா, ஆகஸ்ட் நடுவுல ராத்திரி பன்னண்டே முக்கால் சுமாருக்கு, செப்டம்பர் நடுவுல பத்தரை மணிக்கு மேல, அக்டோபர் நடுவுல எட்டரை மணி தாண்டினதும். ஒவ்வொரு மாசமும் ரெண்டு மணி நேரம் முன்னாடி வருதுன்னு ஞாபகம் வச்சுக்கிட்டா போதும். புது ஆளுங்களுக்கு நான் சொல்றது செப்டம்பர்தான். ஆகஸ்ட்ல குளிரும் நேரமும் ரெண்டும் கஷ்டம், அக்டோபர்ல மழைக்காலம் ஆரம்பிச்சு சாயங்காலம் இடியோட மேகம் கட்டிக்கும்.

கிழக்குல எழுந்து வர்ற பால்வெளி வேணும்னா ஏப்ரல், மே முன்னிரவு இருக்கு. ஆனா அப்போ மலை உங்க முதுகுக்கு பின்னாடி இருக்கும், அதோட கிழக்கு, தென்கிழக்குலதான் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வெளிச்சம் பரவி கிடக்கு. மேற்குல மலைக்கு அந்தப் பக்கம் லெசோத்தோ மேட்டு நிலம், ஊர் விளக்கு ரொம்ப குறைவு. இருட்டும் மலையும் பால்வெளியும் ஒரே திசைல சேர்றது நமக்கு கிடைச்ச பெரிய வசதி.

2. அமாவாசை பாத்து நாள் குறிங்க, ஆனா அமாவாசை அன்னிக்கேதான் போகணும்னு இல்ல

வீட்ல தொங்குற தமிழ் காலண்டரே போதும். தேய்பிறை அஷ்டமிக்கு அப்புறம் நிலா நடுராத்திரிக்கு மேலதான் எழும், அதனால செப்டம்பர், அக்டோபர்ல பத்து, பதினோரு மணிக்குள்ள வேலையை முடிக்கிற நமக்கு அஷ்டமில இருந்து அமாவாசை வரைக்கும் அத்தனை ராத்திரியும் நல்ல ராத்திரிதான். ஆகஸ்ட்னா ஏகாதசிக்கு அப்புறம் வச்சுக்கோங்க, அப்பதான் ஒரு மணி வரைக்கும் நிலா தொந்தரவு இருக்காது.

வளர்பிறைல முதல் ரெண்டு நாள் பரவாயில்ல, பிறை சீக்கிரம் இறங்கிடும். அதுக்கு மேல வேண்டாம், ஏன்னா வளர்பிறை நிலா சாயங்காலம் மேற்கு வானத்துலயே நிக்கும், நாம எடுக்கப் போற அதே இடம். "பிறை மலையை வெளிச்சம் போட்டு காட்டும்"னு சிலர் நினைக்கிறாங்க, அது மலைக்கு பின்னாடி இருக்கிறதால நம்ம பக்கம் முகம் இருட்டாத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம், நல்ல சீசன் சரியா புரட்டாசியோட வருது. சனிக்கிழமை வீட்ல பூசை இருக்கும், மகாளய அமாவாசை அன்னிக்கு பெரியவங்களுக்கு படைக்கணும், அந்த நாள் கேமராவை தூக்கிட்டு கிளம்பினா வீட்ல யாரும் ஒத்துக்க மாட்டாங்க, ஒத்துக்கவும் கூடாது. அமாவாசைக்கு முந்தின வாரத்துல வியாழனோ வெள்ளியோ பாத்து வச்சுட்டா பூசையும் கெடாது, வானமும் அதே இருட்டுதான். மகாளய அமாவாசை கைல கிடைக்காதவங்க ஆவணி அமாவாசை வாரத்தை எடுத்துக்கலாம்.

3. எங்க தங்குறது, எங்க நிக்கிறது

ராத்திரி ரோட்டோரம் காரை நிறுத்தி எடுக்கிறது வேண்டவே வேண்டாம். இது ஒண்ணுல மட்டும் நான் கண்டிப்பு. இருட்டுல விலை உயர்ந்த சாமானோட தனியா நிக்கிறது எந்த நாட்டுலயும் நல்லதில்ல, அதோட அந்த கிராமத்து ரோட்ல மாடு நடமாட்டமும் குழியும் அதிகம். வேலி போட்ட கேம்ப்புக்குள்ள ரூமோ டென்ட் இடமோ எடுத்து, அங்கயே உள்ள நின்னு எடுங்க. ரெண்டு பேராவது சேர்ந்து போங்க.

வடக்கு பெர்க்ல ராயல் நட்டால் பார்க்குக்குள்ள தெண்டெலே கேம்ப், நடுவுல கதீட்ரல் பீக் பக்கம் டிடிமா, ஷாம்பேன் பள்ளத்தாக்குல மங்க்ஸ் கவ்ல், அதுக்கு தெற்கே இன்ஜிசுத்தி, ஜயன்ட்ஸ் காசில். இதெல்லாம் எசெம்வெலோ, அதாவது மாகாணத்து பார்க்குகளை பாத்துக்கிற அமைப்பு, நடத்துற இடங்கள். பார்க் கேட் மூடுற நேரத்தை புக் பண்ணும்போதே கேட்டு வச்சுக்கோங்க. முதல் தடவைக்கு ஷாம்பேன் பள்ளத்தாக்கு வசதி, என்3 நெடுஞ்சாலைல இருந்து வின்டர்டன் ஊருக்கு போய் ஆர்600 ரோட்டை பிடிச்சா நேரா உள்ள போயிடலாம், தங்குற இடமும் நிறைய. டர்பன்ல இருந்து மூணு மணி நேரம்னு கணக்கு போடுவாங்க, என்3ல லாரி கூட்டத்தையும் ரோடு வேலையையும் சேர்த்து மதியத்துக்கு முன்னாடியே கிளம்பிடுங்க. வெளிச்சம் இருக்கும்போதே போய் சேரணும், ஏன்னு 5வதுல சொல்றேன்.

மலை அடிவாரத்துக்கு ரொம்ப ஒட்டிப் போகாதீங்க. கிட்ட போகப் போக மலை வானத்தை மறைச்சுக்கிட்டே வரும், 30 டிகிரில இருக்கிற பால்வெளிக்கும் மலை உச்சிக்கும் நடுவுல இடமே இருக்காது. கொஞ்சம் தள்ளி நின்னா மலை முழு உருவமா அடக்கமா அமரும், மேல வானத்துக்கு இடம் இருக்கும்.

ரூம் புக் பண்ணும்போது தோட்ட விளக்கு ராத்திரி பூரா எரியுமான்னு கேளுங்க. நல்ல இடம் கிடைச்சும் முன்னாடி இருக்கிற ஒரே ஒரு மஞ்சள் விளக்கு எல்லாத்தையும் கெடுக்கிறது உண்டு. பக்கத்து ரூம்காரங்க கிட்டயும் முன்னாடியே மரியாதையா சொல்லி வச்சா பெரும்பாலும் வெளி லைட்டை அணைச்சு கொடுப்பாங்க.

4. கைல என்ன இருக்கணும்

மேனுவல் மோட் இருக்கிற கேமரா எதுவும் போதும். லென்ஸ் அகலமானது, 14ல இருந்து 24 எம்எம் வரைக்கும், எஃப் 2.8 (லென்ஸ் திறப்போட அளவு, எண் சின்னதா இருந்தா திறப்பு பெருசு) இருந்தா சந்தோஷம், கேமராவோட வந்த 18-55 லென்ஸ்தான் இருக்குன்னாலும் வாங்க, 18ல வச்சு எஃப் 3.5ல எடுக்கலாம், எப்படின்னு கீழ இருக்கு. சில ஃபோன்ல ஆஸ்ட்ரோ மோட் இருக்கு, டிரைபாட்ல அசையாம வச்சா அதுவும் ஆச்சரியமான படம் கொடுக்கும்.

டிரைபாட்ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆகஸ்ட், செப்டம்பர்ல பெர்க்ல காத்து பலமா அடிக்கும், லேசான டிரைபாட் ஆடிக்கிட்டே இருக்கும். நடுக்கம்பியை தூக்காதீங்க, பையை நடுவுல மாட்டி தரையை தொடுற மாதிரி விடுங்க, காத்துல ஊஞ்சலாடினா அதுவே படத்தை ஆட்டும்.

பேட்டரி ரெண்டு, முடிஞ்சா மூணு. குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாத்து பேட்டரியை பேன்ட் பாக்கெட்ல உடம்பு சூட்டுல வைங்க, பைல இல்ல. சிவப்பு வெளிச்சம் வர்ற ஹெட்லேம்ப், லென்ஸ் துடைக்கிற துணி, ஒரு துண்டு டேப், பெரிய பிளாஸ்டிக் பை. கம்பளி தொப்பி, ரெண்டு சாக்ஸ், ஜாக்கெட், ஃபிளாஸ்க்ல சூடா இஞ்சி டீ. டர்பன் குளிரை மனசுல வச்சு துணி எடுத்துட்டு வர்றவங்க அரை மணி நேரத்துல ரூமுக்கு ஓடிடுறாங்க, அங்க ராத்திரி தண்ணி உறையுற அளவுக்கு குளிரும்.

5. வெளிச்சம் போறதுக்கு முன்னாடி இடத்தை பிடிங்க

சூரியன் மறையுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நிக்கப் போற இடத்தை நடந்து பாருங்க. இருட்டுல வந்து ஃபிரேம் தேடறது முடியாத காரியம், வியூஃபைன்டர்ல ஒண்ணுமே தெரியாது, முன்னாடி இருக்கிற முள்வேலி, கரண்ட் கம்பி எல்லாம் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல திறக்கும்போதுதான் தெரியும்.

ஃபோட்டோபில்ஸ் இல்ல ஸ்டெல்லேரியம் ஆப்ல அன்னிக்கு ராத்திரி நீங்க எடுக்கப் போற மணியை வச்சு பால்வெளி எங்க வரும்னு பாருங்க, அந்த இடத்துக்கு நேரா கீழ மலையோட எந்த சிகரம் வருதுன்னு குறிச்சுக்கோங்க. ஃபோன் திசைகாட்டி காருக்கு பக்கத்துலயும் இரும்பு வேலிக்கு பக்கத்துலயும் தப்பு காட்டும், கொஞ்சம் தள்ளி நின்னு ஒரு தடவை சரி பாருங்க. சூரியன் மறையுற இடம் ஒரு நல்ல சாட்சி, செப்டம்பர் கடைசில அது கிட்டத்தட்ட நேர் மேற்கு, பால்வெளி மையம் அதுக்கு கொஞ்சம் இடது பக்கமா இறங்கும்.

ஆப் இல்லாமயும் கண்டுபிடிக்கலாம். கேட்டை நட்சத்திரம் சிவப்பா தனியா தெரியும், அது விருச்சிகத்தோட நெஞ்சு. மேற்குல இறங்குறப்போ விருச்சிகம் தலை கீழ, வால் மேலன்னு நிக்கும், வால் சுருண்டு முடியுற இடத்துல மூலம். அந்த மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவுல புகை மாதிரி திரண்டு இருக்கிறதுதான் மையம். இதை கண்ணால தெரிஞ்சுக்கிட்டவங்க ஃபோன் வெளிச்சத்தை அடிக்கடி பாக்க வேண்டியதில்ல, கண்ணு இருட்டுக்கு முழுசா பழகறதுக்கு இருபது, முப்பது நிமிஷம் ஆகும், ஒரு தடவை ஸ்கிரீனை பாத்தா திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

முன்பக்கத்துல ஏதாவது ஒண்ணு வைங்க, ஒரு தனி மரம், ஒரு குட்டை, வளைஞ்சு போற பாதை. மலையும் வானமும் மட்டும் இருந்தா எவ்வளவு பெருசுன்னு பாக்குறவங்களுக்கு தெரியாது.

6. ஃபோகஸ்: பாதி படம் இங்கதான் போகுது

ஆட்டோஃபோகஸை அணைச்சிடுங்க. லென்ஸ்ல எட்டை படுக்க வச்ச மாதிரி ஒரு குறி இருக்கும், அதுல வச்சா சரின்னு நம்பாதீங்க, நிறைய லென்ஸ்ல அது கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்.

லைவ் வியூ (பின்னாடி ஸ்கிரீன்லயே நேரடியா பாக்குறது) போடுங்க, பிரகாசமான நட்சத்திரம் ஒண்ணை நடுவுல கொண்டு வாங்க. செப்டம்பர் முன்னிரவுல தென்மேற்குல தெற்குச் சிலுவை நட்சத்திரக் கூட்டத்துக்கு பக்கத்துல ரெண்டு பிரகாசமான நட்சத்திரம் இருக்கும், அதுல பெருசு ஆல்ஃபா சென்டாரி, இதுக்கு அதைவிட வசதி இல்ல. ஸ்கிரீன்லயே பத்து மடங்கு பெருசாக்கி, ஃபோகஸ் ரிங்கை மெதுவா திருப்புங்க, புள்ளி எப்ப ரொம்ப சின்னதா ஆகுதோ அங்க நிறுத்துங்க. ஒரு தடவை தாண்டிப் போய் திரும்ப வந்தா எது சின்னதுன்னு நல்லா தெரியும்.

அப்புறம் ரிங் மேல டேப் ஒட்டுங்க. ஜூம் லென்ஸ்னா ஜூம் ரிங் மேலயும். குளிர் கூடக் கூட ஃபோகஸ் லேசா நகரும், அதனால அரை மணிக்கு ஒரு தடவை ஒரு படத்தை பெருசாக்கி பாருங்க. ஸ்கிரீன்ல சின்னதா பாத்தா எல்லா படமும் ஷார்ப்பாத்தான் தெரியும்.

7. இப்ப செட்டிங்

ரா ஃபார்மட், அதாவது கேமரா சுருக்காம அப்படியே வைக்கிற ஃபைல். ஸ்டெபிலைசேஷன் ஆஃப், டிரைபாட்ல அது சில நேரம் தானே ஆட்டும். ரெண்டு செகண்ட் டைமர், பட்டனை அமுக்குற ஆட்டம் அடங்கறதுக்கு. வொயிட் பேலன்ஸ் 4000 கெல்வின் கிட்ட, ரால பின்னாடி மாத்திக்கலாம், ஆனா எல்லா படமும் ஒரே மாதிரி இருந்தா சேர்க்கிறது சுலபம்.

அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் திறப்பை, லென்ஸ் கொடுக்கிற அளவுக்கு முழுசா திறங்க. ஓரத்துல நட்சத்திரம் பறவை சிறகு மாதிரி விரிஞ்சா ஒரு படி மூடுங்க.

ஷட்டர் நேரம்தான் யோசிக்க வேண்டியது. பூமி சுத்துறதால நேரம் கூடினா நட்சத்திரம் கோடாயிடும். பழைய கணக்கு 500ஐ ஃபோகல் லெங்த்தால வகுக்கிறது, இப்ப இருக்கிற சென்சாருக்கு அது தாராளம், நான் 300ஐ வச்சுத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஃபுல் ஃபிரேம்ல 14 எம்எம்னா சுமார் 20 செகண்ட், 24னா 12 செகண்ட். கிராப் சென்சார்னா (ஃபுல் ஃபிரேமை விட சின்ன சென்சார்) முதல்ல ஒன்றரையால பெருக்கணும், 18 எம்எம் 27 ஆகும், அப்ப 11 செகண்ட்.

ஐஎஸ்ஓ எஃப் 2.8ல 3200ல ஆரம்பிங்க, எஃப் 3.5ல 6400. ஹிஸ்டோகிராம் (படத்தோட வெளிச்சத்தை காட்டுற வரைபடம், இடது பக்கம் இருட்டு) பாருங்க, மேடு இடது சுவர்ல ஒட்டாம கொஞ்சம் தள்ளி இருக்கணும். கேமரா ஸ்கிரீனோட பிரகாசத்தை குறைச்சிடுங்க, இருட்டுல அது எல்லா படத்தையும் வெளிச்சமா காட்டி ஏமாத்தும், வீட்டுக்கு வந்தா கருப்பா இருக்கும்.

இப்ப ஃபிரேமை மாத்தாம பதினஞ்சு, இருபது படம் தொடர்ந்து எடுங்க. ஒரே படத்துல இருக்கிற புள்ளி புள்ளியான நாய்ஸ், பல படத்தை அடுக்கி சராசரி எடுக்கும்போது குறைஞ்சிடும். சாதாரண லென்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கு இதுதான் கைகொடுக்கிறது, 18-55ல இருபது படம் அடுக்கினது, விலை உயர்ந்த லென்ஸ்ல ஒரே படம் எடுத்ததை விட சுத்தமா வரும். இந்த வரிசை ஓடும்போது லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைச்சு வைங்க, இல்லேன்னா ஒவ்வொரு படத்துக்கும் அப்புறம் அதே அளவு நேரம் கேமரா சும்மா நிக்கும், அதுக்குள்ள வானம் நகர்ந்துடும்.

8. மலைக்கு தனியா ஒரு நீண்ட ஷாட்

வானத்துக்கு சரியான 12 செகண்ட்ல மலை வெறும் கருப்பு நிழலாத்தான் வரும். அது பிடிச்சா அப்படியே விடலாம். மலை முகம் தெரியணும்னா வான வரிசை முடிஞ்சதும் டிரைபாட்டை தொடாம ஐஎஸ்ஓவை 1600க்கு இறக்கி, பல்ப் மோட்ல (நீங்க நிறுத்துற வரைக்கும் ஷட்டர் திறந்தே இருக்கிறது) மூணு, நாலு நிமிஷம் ஒரு படம். இதுல நட்சத்திரம் கோடாகும், கவலை இல்ல, இதுல இருந்து தரையை மட்டும்தான் எடுக்கப் போறோம். இதுக்கு மட்டும் நாய்ஸ் ரிடக்‌ஷனை போட்டுக்கோங்க.

சிலர் சாயங்கால நீல வெளிச்சத்துலயே மலையை எடுத்து வச்சுட்டு ராத்திரி வானத்தை மேல சேர்க்கிறாங்க. செய்யலாம், ஆனா டிரைபாட் மூணு, நாலு மணி நேரம் ஒரு மயிரிழை நகராம நிக்கணும், அதோட மேற்கு வானம் அப்ப பளபளன்னு இருக்கிறதால மலை விளிம்புல வெளிச்சம் கசிஞ்சு சேர்க்கிற இடம் அசிங்கமா தெரியும். எனக்கு ராத்திரி எடுத்த நீண்ட ஷாட்தான் நம்பும்படியா இருக்கு.

டார்ச் அடிச்சு மரத்தை வெளிச்சமாக்கிறது வேண்டாம். பக்கத்துல எடுத்துக்கிட்டு இருக்கிறவங்க படமும் கெட்டுடும்.

9. வளைவா முழுசா வேணும்னா

மையம் 30 டிகிரிக்கு இறங்குற அந்த நேரத்துல பால்வெளி தெற்குல இருந்து எழும்பி, மேற்குல மலைக்கு மேல தாழ்வான வளைவா போய் வடக்குல இறங்கும், தோரணம் கட்டின மாதிரி. ஒரே ஃபிரேம்ல அடங்காது. கேமராவை செங்குத்தா வச்சு, இடது ஓரத்துல ஆரம்பிச்சு, ஒவ்வொரு தடவையும் மூணுல ஒரு பங்கு மேல விழுற மாதிரி திருப்பிக்கிட்டே போங்க. டிரைபாட் தலை மட்டமா இருக்கணும், இல்லேன்னா மலை சாய்ஞ்சுக்கிட்டே போகும். செட்டிங் எதையும் நடுவுல மாத்தாதீங்க. முதல் பயணத்துல இதை செய்யாதீங்க, ஒரு ஃபிரேம் ஒழுங்கா கிடைச்சதுக்கு அப்புறம் மிச்ச நேரத்துல பாருங்க.

10. ரூமுக்கு திரும்புறப்போ

நடுவுல லென்ஸ் முன்னாடி பனி படியுதான்னு அடிக்கடி பாருங்க, சிவப்பு வெளிச்சத்துல சாய்வா பாத்தா தெரியும். வேலை முடிஞ்சதும் மெமரி கார்டை எடுத்து பத்திரப்படுத்திட்டு, கேமராவை வெளிலயே பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு இறுக்கிக் கட்டுங்க, அப்புறம்தான் உள்ள கொண்டு போகணும். குளிர்ந்த கேமரா சூடான ரூமுக்குள்ள போனா ஈரம் உடனே ஒட்டும், பைக்கு வெளில ஒட்டட்டும், லென்ஸ்க்கு உள்ள வேண்டாம். காலைல திறந்துக்கலாம். அன்னிக்கு ராத்திரியே டர்பனுக்கு வண்டி ஓட்டாதீங்க, தூக்கக் கலக்கத்துல என்3 வேண்டாம்.

11. எடிட்

அடுக்கிறதுக்கு விண்டோஸ்ல சீக்வேட்டர் இலவசம், மேக்ல ஸ்டாரி லேண்ட்ஸ்கேப் ஸ்டேக்கர். ரெண்டுலயும் எது வானம் எது தரைன்னு நீங்க வரைஞ்சு காட்டணும், மலை விளிம்புல பொறுமையா வரைங்க, அங்க அவசரப்பட்டா சிகரத்தை சுத்தி ஒரு வெள்ளைக் கோடு நிக்கும்.

அதுக்கு மேல கான்ட்ராஸ்ட் கொஞ்சம், நிறம் கொஞ்சம், போதும். ஊதா நிறத்துல வானத்தை ஏத்தறது இப்ப வழக்கமா இருக்கு, பெர்க் வானம் அப்படி இல்ல, நடுப்பகுதி வெதுவெதுப்பான மஞ்சள், பழுப்பு, நடுவுல கருப்புப் புழுதிக் கோடு. செப்டம்பர்ல அடிவானத்துல ஆரஞ்சா ஒரு மங்கல் இருந்தா அது பெரும்பாலும் புல் எரிச்ச புகை, அதை முழுசா துடைக்க வேண்டாம், அந்த சீசனோட நிறமே அதுதான்.

12. நண்பர்களுக்கு அனுப்புறப்போ

வாட்ஸ்அப்ல சாதாரணமா போட்டா படத்தை நசுக்கிடும், சின்ன நட்சத்திரமெல்லாம் காணாம போயிடும், டாகுமென்ட்டா அனுப்புங்க. எஸ்ஆர்ஜிபி நிற அமைப்புல சேமிங்க, இல்லேன்னா ஒவ்வொருத்தர் ஃபோன்லயும் நிறம் ஒவ்வொரு மாதிரி தெரியும்.

படத்துக்கு கீழ மாசம், மணி, எந்த கேம்ப், லென்ஸ், செகண்ட், ஐஎஸ்ஓ, எத்தனை படம் அடுக்கினது, மலைக்கு தனி ஷாட் சேர்த்தீங்களா, எல்லாத்தையும் எழுதுங்க. ரெண்டு ஷாட்டை சேர்த்ததை மறைச்சு ஒரே ஷாட்டுன்னு போட்டா, அடுத்த அமாவாசைக்கு அதை பாத்துட்டு கிளம்புற தம்பி தங்கச்சிங்க அங்க போய் நின்னு, மலை ஏன் கருப்பா வருதுன்னு ராத்திரி பூரா செட்டிங்கை மாத்திக்கிட்டே இருப்பாங்க. முக்கியமா மணியையும் திசையையும் விடாதீங்க, ஐஎஸ்ஓ எழுத மறந்தா கூட பரவாயில்ல.